புகையில்லாத கரி

கிழக்குத் தாம்பரம்
19-11-1973

புஷ்பம் அக்காவுக்கு,

கவரின் மேல் இருக்கும் கையெழுத்தைப் பார்த்ததுமே யாருடையது என்று தெரிந்திருக்கும். தெரிந்த பிறகும் பிரித்தீர்கள் என்றால் அதற்கு நன்றி. விலாசத்தை வேலூர்ச் சித்தியிடம் கேட்டு வாங்கினேன். "பன்னெண்டு வருஷம் கழிச்சு இப்ப எதுக்கு?" என்று கேட்டார்கள். 

போன வியாழக்கிழமை நடந்த ஒன்றை எழுதுகிறேன். அதிலிருந்து தொடங்கினால்தான் எனக்கு எழுத வரும்.

அப்போது இங்கே நான்கு நாளாக விடாத மழை. எங்கள் தெருமுனையில் குப்பன் என்று ஒருவர் துணி தேய்க்கிறார். வழக்கமாக வேப்பமரத்தடியில் வண்டி போட்டு நிற்பவர், மழைக்காகக் கரி அடுப்பையும் இஸ்திரிப் பெட்டியையும் தம் தகரக் கொட்டகைக்குள் எடுத்துப் போய், சாரல் அடிக்காமலிருக்கப் பலகைக் கதவைச் சாத்திக்கொண்டு தேய்த்திருக்கிறார். காலை பதினோரு மணி இருக்கும். கல்லூரிக்கு மழை விடுமுறை. நான் வீட்டில் இருந்தேன். அவர் மனைவி கிளியம்மாள் நனைந்துகொண்டே ஓடி வந்தாள்.

"சார், கொஞ்சம் வா சார். என் வூட்டுக்காரரு கீய வியுந்துகினு கீறாரு. எயுப்பினா எயுந்துக்கல. குடிக்கக்கூட இல்ல சார் அவரு."

நானும் பக்கத்து வீட்டுத் தாயாரம்மாளின் மகனும் போய், அவரை இழுத்துவந்து தெருவில் கிடத்தினோம். கொட்டகைக்குள் புகையே இல்லை. கரி நன்றாகச் சிவந்து, அமைதியாகக் கனன்றுகொண்டிருந்தது. மழை முகத்தில் விழ விழ அவர் மூச்சு சீரானது. பிறகு வாந்தி எடுத்தார். சர்க்கார் ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, "கரிவாயு. இன்னும் கால் மணி நேரம் உள்ளே இருந்திருந்தால் ஆள் இல்லை" என்றார். குப்பன் பிழைத்துவிட்டார். இன்று தேய்த்த துணியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆனால் அக்கா, தெருவில் கிடத்தியபோது நான் அவர் கையைப் பிடித்திருந்தேன். அந்த நகங்கள் சிவந்திருந்தன. உதடும் அப்படியே. மயங்கிக் கிடப்பவனின் நகம் வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருக்க வேண்டும் அல்லவா? இது மருதாணி வைத்த நகம் மாதிரி இருந்தது.

மெட்டில்டா இறந்த அன்று மாலை தாயாரம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது உங்களுக்கு நினைவிருக்கிறதா? "மருதாணி வச்ச கை மாதிரி இருக்கே, உசுரு போன கை மாதிரியே இல்லியே" என்று. நான் அதைக் கேட்டேன். பன்னிரண்டு வருஷமாக அது என் காதில்தான் இருந்திருக்கிறது. வியாழக்கிழமைதான் அதற்குப் பொருள் தெரிந்தது.

என் மனைவியைக் கொன்றது நீங்கள் போட்ட பெனிசிலின் ஊசி என்று சொன்னவன் நான். கல்லறைத் தோட்டத்தில் ஒரு பிடி மண் எடுத்தீர்கள். அதைப் போட விடாமல் உங்கள் கையைத் தட்டிவிட்டவன் நான். என் பெரியம்மா வயிற்றில் பிறந்தவர் என்றும் பார்க்கவில்லை.

அன்று நீங்கள் பார்த்ததையெல்லாம் எனக்கு ஒரு முறை எழுத முடியுமா? நீங்கள் வந்த நேரம், போன நேரம், அவள் எப்படி இருந்தாள் என்பதெல்லாம். கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

தயாளன்

*

ஏலகிரி அடிவாரம்
26-11-1973

தயாளா,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். சின்ன வயதில் 'நீ, வா, போ' என்றுதான் கூப்பிடுவாய். பரவாயில்லை, இதுவே இருக்கட்டும்.

கேட்டதை எழுதுகிறேன். யோசித்துப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. அந்த ஒரு நாளை நான் தினமும் ஒரு முறை நடத்திப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

1961 நவம்பர் 17. குழந்தை பிறந்து பத்தாம் நாள். மெட்டில்டாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசியோடு பல்லாவரத்திலிருந்து பதினொன்றரை மணிக்கு உன் வீட்டுக்கு வந்தேன். பதினொன்றே முக்காலுக்கு ஊசி போட்டேன். முதலில் தோலில் கொஞ்சம் போட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. மழைக்கு முன் திரும்ப வேண்டும் என்ற அவசரம். அது என் தப்பு. அதை யாரிடமும் நான் மறுத்ததில்லை.

அதன் பிறகு மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணி வரை அங்கேயே இருந்தேன். ஒரு மணிக்கு மெட்டில்டா ரசம் சாதம் சாப்பிட்டாள். உடம்பில் தடிப்பு இல்லை, மூச்சிரைப்பு இல்லை. "பிள்ளைக்கு உங்க மூக்கு அக்கா, பாவம்" என்று சொல்லிச் சிரித்தாள்.

இரண்டு மணிக்கு நீ ஒரு இரும்புச் சட்டியில் கரி நெருப்புப் போட்டுக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாய். ஈரக்காற்று ஆகாது, அறை கதகதப்பாக இருக்கட்டும் என்றாய். கொஞ்ச நேரத்தில் குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. எனக்கும் தலை கனத்தது. "இந்தச் சட்டியை வெளியே எடு" என்றேன். "புகையே இல்லியே, அப்புறம் என்ன?" என்றாய். எனக்குப் பதில் தெரியவில்லை. நீ கெமிஸ்ட்ரி படித்தவன். கரிச்சட்டியை மூடிய அறையில் வைக்கக் கூடாது என்று எங்கள் டிரெயினிங்கில் ஒரு சிஸ்டர் சொன்னது மட்டும் ஞாபகம் இருந்தது. அதனால் ஜன்னலை நான்கு விரல் அளவு திறந்து, காற்றில் மூடிக்கொள்ளாமல் ஒரு மரத்துண்டைச் செருகினேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுத் தாயாரம்மாள் மடியில் கொடுத்தேன். அதற்கும் நீ கோபித்துக்கொண்டாய். "பத்து நாள் குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்கிறாயே" என்றாய். மூன்று மணிக்குப் பஸ் ஏறினேன்.

ஆறு மணிக்கு என்னைக் கூப்பிடப் பல்லாவரத்துக்கு ஆள் வந்தது. நான் வந்து பார்த்தபோது அறை ஜன்னல் அகலத் திறந்து கிடந்தது. சட்டியைக் காணவில்லை. அவள் தூங்குவது போல இருந்தாள்.

நகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கும் நிலையில் இல்லை.

இப்போது நான் கேட்கிறேன், நீ பதில் எழுது. ஜன்னல் திறந்திருந்தால் கரிவாயு எப்படிக் கொல்லும்?

புஷ்பம்

*

கிழக்குத் தாம்பரம்
30-11-1973

அக்கா,

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போய் வந்தேன்.

ஜன்னல் திறந்திருக்கவில்லை. நீங்கள் போன பிறகு நான் மூடினேன்.

சாரல் உள்ளே அடித்தது. மெட்டில்டா, "தலை ரொம்ப வலிக்குதுங்க" என்றாள். காய்ச்சல் தலைவலி என்று நினைத்து ஒரு மாத்திரை கொடுத்தேன். "கண்ணை மூடிக் கொஞ்சம் தூங்கு" என்றேன். நீங்கள் செருகிய மரத்துண்டை எடுத்துவிட்டு ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். இடுக்கில் காற்று வந்தது. பழைய போர்வையைச் சுருட்டி அங்கே அடைத்தேன். சட்டியில் இன்னும் இரண்டு கை கரி போட்டேன். கதவைச் சாத்திவிட்டு முன்னறையில் உட்கார்ந்து மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் நன்றாகத் தூங்குகிறாள் என்று எனக்கு அத்தனை நிம்மதி.

ஐந்தரைக்கு உள்ளே போனேன். அதற்குப் பிறகு செய்ததெல்லாம் தாறுமாறு. காற்று வரட்டும் என்று ஜன்னலை அகலத் திறந்தேன். கால் தடுக்கிய சட்டியை எடுத்து மழையில் வீசினேன். அதனால்தான் நீங்கள் வந்தபோது எல்லாம் திறந்திருந்தது.

அது எப்படிக் கொல்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மண்ணெண்ணெய் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய் கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ரோகார்பன். காற்று போதாவிட்டால் சுடர் மஞ்சளாகும், புகையும், கண்ணாடியில் கரி படியும். என்னைக் கவனி என்று அதுவே சொல்லிவிடும். மரக்கரி அப்படியில்லை. புகையக்கூடிய பொருளெல்லாம் அதைச் சுட்டெடுக்கும்போதே போய்விட்டது. மிச்சம் இருப்பது பெரும்பாலும் வெறும் கார்பன். அடிக்கரி எரிந்து வருவது கார்பன் டை ஆக்சைடு. அது மேலே கனலும் கரியின் ஊடே ஏறும்போது இன்னொரு பங்கு கார்பனைச் சேர்த்துக்கொண்டு கார்பன் மோனாக்சைடு ஆகிறது. காற்று தாராளமாக இருந்தால் அது சட்டியின் வாயிலேயே சின்ன நீலச் சுடராக எரிந்து தீர்ந்துவிடும். காற்று குறைந்தால் எரியாமல் அறைக்குள் பரவும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தம் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்கு ஆசையோடு அதைப் பிடித்துக்கொள்கிறது. அப்படிப் பிடித்த ரத்தம் நல்ல சிவப்பாக இருக்கும்.

இதை நான் 1954லிருந்து கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன்.

தெரிந்தும் ஏன் தோன்றவில்லை என்று கேட்பீர்கள். முதலில் தோன்றவில்லை என்பது சத்தியம். உங்கள் பல்லாவரம் டாக்டர் சாவுக்குக் காரணம் 'மருந்து ஒவ்வாமை' என்று எழுதியதும் அதைப் பிடித்துக்கொண்டேன். யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது.

ஆனால் இதையும் எழுதிவிட வேண்டும். அவள் போன இரண்டாம் வருஷம், இந்தப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு நாள் சாக்பீஸ் பாதியில் நின்றுவிட்டது. பையன்கள் காத்திருந்தார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லி வகுப்பை முடித்துவிட்டேன். அடுத்த வருஷம் முதல் கார்பன் பாடத்தை இன்னொரு ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு வேறு பாடம் வாங்கிக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று என்னை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. கேட்டிருந்தால் பத்து வருஷத்துக்கு முன்பே இந்தக் கடிதம் உங்களுக்கு வந்திருக்கும்.

தயாளன்

*

ஏலகிரி அடிவாரம்
12-12-1973

தயாளா,

உன் கடிதத்துக்கு மூன்று முறை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். மூன்றும் திட்டுகள். இது நான்காவது.

நீ ஜன்னலை மூடியதை என்னால் மன்னிக்க முடியும். அவள் குளிரில் நடுங்குவாளே என்று மூடினாய். அந்தச் சாக்பீஸ் நின்ற நாளை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

நான் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியுமா? நர்ஸ் வேலை என்று நினைத்துக்கொண்டிருப்பாய். சித்தியும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். நான் ஆஸ்பத்திரித் துணி அறையில் இருக்கிறேன். படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் துணி ஆகியவற்றை வெளுக்கப் போட்டு, மடித்து, அடுக்கிக் கொடுக்கும் வேலை. பல்லாவரம் நர்சிங் ஹோமில் என்னை வேலையை விட்டு நிறுத்திய பிறகு இங்கே வந்தேன். வந்த புதிதில் வார்டுக்குத்தான் போட்டார்கள். முதல் நாள் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு கட்டில் பக்கம் போனேன். கை ஆடிய ஆட்டத்தில் மருந்து தரையில் சிந்தியது. நரம்புத் தளர்ச்சி என்று சொல்லித் துணி அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு நான் ஊசியைத் தொட்டதில்லை. எல்லாரும் இங்கே என்னைத் துணியம்மா என்கிறார்கள். மரியாதையாகத்தான் சொல்கிறார்கள்.

நீ கல்லறைத் தோட்டத்தில் சொன்னதை நம்பினேன். சோதனை ஊசி போடாதவள்தானே நான். மூன்றே கால் மணி நேரம் அவள் நன்றாக இருந்தது எனக்குத் தெரியும். இருந்தாலும், எங்கோ ஒருத்திக்கு ஒவ்வாமை தாமதமாகவும் வருமோ என்று ஒரு சந்தேகம். அந்தச் சந்தேகத்தோடு பன்னிரண்டு வருஷம் துணி மடித்திருக்கிறேன்.

இப்போது நீ வேறு ஒன்று சொல்கிறாய். நீ சொன்னாய் என்று அன்று அதை நம்பினேன். நீ சொல்கிறாய் என்று இன்று இதையும் நம்ப வேண்டுமா? வருத்தத்தில் மனிதன் எதையும் நம்புவான். தன்மேல் பழி போட்டுக்கொள்வதிலும் ஒரு சுகம் இருக்கிறது. அதையும் நான் பார்த்திருக்கிறேன்.

அந்த அறை இன்னும் இருக்கிறது அல்லவா? சோதித்துப் பார். அதே அறை, அதே மாதிரி கரி. ஒரு நாள் நீ மூடியது போல மூடி வை. இன்னொரு நாள் நான் திறந்தது போலத் திற. என்ன வந்தாலும் உள்ளதை உள்ளபடி எழுது. எனக்குச் சாதகமாக எதையும் சேர்க்காதே.

நீ உள்ளே போகாதே. பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளாதே.

புஷ்பம்

*

கிழக்குத் தாம்பரம்
24-12-1973

அக்கா,

நீங்கள் சொன்னபடி செய்தேன்.

அந்த அறையைப் பன்னிரண்டு வருஷமாகச் சாமான் அறையாகத்தான் வைத்திருந்தேன். எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கட்டில் இருந்த இடத்தில் அதே உயரத்துக்கு ஒரு மேசை போட்டேன். மகள் கிருபாவுக்குப் பரீட்சை முடிந்திருந்தது. குரோம்பேட்டையில் இருக்கும் அவள் சிநேகிதி வீட்டுக்கு இரண்டு நாள் அனுப்பினேன். எதற்கு என்று கேட்டாள். அறையைச் சுத்தம் செய்ய என்று சொன்னேன்.

கல்லூரி லேப் உதவியாளர் ஜெயவேலுவை உதவிக்கு அழைத்திருந்தேன். கறிக்கடையிலிருந்து ஆட்டு ரத்தம் வாங்கி, உறையாமலிருக்க மருந்து கலந்து, தண்ணீர் விட்டு நீர்த்துவைத்தேன். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தில், மாசிக்காயிலிருந்து எடுக்கும் டானிக் அமிலம் விட்டால் ரோஜா நிறத்திலேயே நிற்கும். சாதாரண ரத்தம் பழுப்பாக மாறும். போன நூற்றாண்டிலிருந்து செய்துவரும் சோதனை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இரும்புச் சட்டியில் கரியை வெளியே பற்றவைத்து, புகை அடங்கிய பிறகு உள்ளே வைத்தேன். ஜன்னலைச் சாத்திப் போர்வை அடைத்தேன். கதவின் கீழ் ஒரு கண்ணாடிக் குழாயை விட்டு, மேசை மேல் தலையணை இருக்கும் உயரத்தில் அதன் வாயை நிறுத்தினேன். வெளியே குழாயின் இந்த முனையில் ரத்தக் குப்பி. அதற்குப் பின்னால் பெரிய தண்ணீர்ப் புட்டி. புட்டியின் அடியைத் திறந்தால் தண்ணீர் வடிய வடிய அறைக் காற்று ரத்தத்தின் வழியே இழுபடும். ஜெயவேலுவுக்கு விஷயம் தெரியாது.

"இன்னா சார், லீவு நாள்ல வூட்ல வச்சி இன்னா எக்ஸ்பெரிமென்ட்டு?" என்றான்.

"ஒரு பழைய சந்தேகம், ஜெயவேலு."

பதினொன்றரைக்குக் காற்றை இழுத்தோம். அந்த ரத்தத்தையும், தெருக்காற்றை இழுத்த இன்னொரு குப்பி ரத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் டானிக் அமிலம் விட்டேன். ஒரு மணி நேரத்தில் தெருக்காற்றுக் குப்பி காப்பித்தூள் நிறமாயிற்று.

"இது மட்டும் அப்டியே ரோஸா கீதே சார்" என்றான் ஜெயவேலு. பிறகு சாத்தியிருந்த கதவைப் பார்த்தான். "உள்ள ஆள் இருந்தா?" என்றான்.  அவன் குப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து இரண்டாவது சோதனை. அதே எடைக் கரி, அதே இரண்டரை மணி நேரம். ஜன்னல் மட்டும் நான்கு விரல் திறந்து, மரத்துண்டு செருகி. இரண்டு குப்பிகளும் ஒரே பழுப்பு. என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஜெயவேலுவின் கண்ணுக்கும் தெரியவில்லை.

உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னீர்கள். அன்று அடித்த காற்று வேறு, மழை வேறு. ஊசிக்கும் அவள் சாவுக்கும் சம்பந்தமே இல்லை என்று இதை வைத்து எந்தக் கோர்ட்டிலும் நிரூபிக்க முடியாது. என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: நான் மூடிய அறையில் இரண்டரை மணி நேரம் படுத்திருப்பவர் பிழைப்பது கஷ்டம். நீங்கள் விட்டுப்போன அறையில் அவள் பிழைத்திருப்பாள்.

பிறகு இன்னொன்றும் தெரிந்தது. பத்து நாள் குழந்தை அந்த அறையில் ஒரு மணி நேரம்கூடத் தாங்கியிருக்காது. நீங்கள் தூக்கிக்கொண்டு போனதற்கு நான் உங்களைக் கோபித்துக்கொண்டேன்.

பண்டிகை முடிந்ததும் நம் சபைப் போதகர் வேதசிரோமணியிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். சபையார் முன்னிலும் சொல்கிறேன். உங்களுக்குச் சம்மதமா?

தயாளன்

*

ஏலகிரி அடிவாரம்
28-12-1973

தயாளா,

கடிதம் வந்தது. படித்துவிட்டுத் துணி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். யாரோ விரிப்பு கேட்டு வந்து தட்டினார்கள். கொடுத்துவிட்டு வந்து மறுபடியும் அழுதேன்.

சபைக்கு நீ சொல்லலாம். ஆனால் முதலில் கிருபாவிடம் சொல். அவளுக்கு என்னைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. சபையில் சொல்லி, அது யார் வாயிலாகவோ அவள் காதில் விழுவதற்கு முன் நீயே சொல். பன்னிரண்டு வயது ஆகிவிட்டது. புரியும்.

என்னைப் புகழ வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்.

புஷ்பம்

*

கிழக்குத் தாம்பரம்
29-1-1974

அக்கா,

ஒரு மாதமாக எழுதாததற்குக் காரணம் பயம்தான். சபையாரை நினைத்துப் பயப்படவில்லை. கிருபாவிடம் சொல்லத்தான் பயம். அவளுக்கு நான் ஒருவன்தான் இருக்கிறேன், எனக்கும் அவள் ஒருத்திதான்.

அவளிடம் உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. அப்படி ஒருவர் இருப்பதையே சொல்லவில்லை.

பொங்கல் விடுமுறையில், பகல் சாப்பாடு முடிந்த பிறகு உட்காரவைத்துச் சொன்னேன். அந்த அறையைக் காட்டினேன். மரத்துண்டை எடுத்தது, போர்வை அடைத்தது, கல்லறைத் தோட்டத்தில் உங்கள் கையைத் தட்டிவிட்டது, எல்லாம்.  சொல்லி முடித்ததும் அவள் எழுந்து தாயாரம்மாள் வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று அங்கேயே படுத்துக்கொண்டாள். மறுநாள் வந்தாள். பள்ளிக்கூடம் போனாள், வந்தாள். எட்டு நாள் என்னோடு பேசவில்லை. தட்டு வைத்தால் சாப்பிடுவாள். நானும் வற்புறுத்தவில்லை.

ஒன்பதாம் நாள் ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே நிற்கும்போது கேட்டாள்.

"அப்பா, நீங்க தெரியாமத்தானே செஞ்சீங்க?"

"ஆமாம்மா. தெரிஞ்சிருக்க வேண்டியவன். ஆனா அந்த நேரத்துல தெரியல."

"அத்தை தெரியாமகூட ஒண்ணும் செய்யலியே. அப்புறம் ஏன் அவங்க மட்டும் ஊரைவிட்டுப் போனாங்க?"

மின்சார ரயில் போய், கேட்டும் திறந்து, எல்லாரும் நடந்து போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.  அவள்தான் என் கையைப் பிடித்து, "வாங்க" என்று தண்டவாளத்தைத் தாண்டி அழைத்துப் போனாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் பேசினேன். அதற்கு முன்னால் போதகர் என்னைத் தனியாக அழைத்து, "தயாளன், பன்னெண்டு வருஷம் ஆயிடுச்சு. யாருக்கு இது ஞாபகம் இருக்கப்போகுது? நீங்களாப் போய்க் கிளறணுமா?" என்று கேட்டார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். "அவங்களுக்கு ஞாபகம் இருக்கு, ஐயா" என்றேன். பிறகு அவர் தடுக்கவில்லை.

ஐந்து நிமிஷம் பேசியிருப்பேன். புதிதாக வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பழைய ஆட்கள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். கிருபா முதல் வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பல்லாவரம் டாக்டர் இப்போது ஓய்வெடுத்துக்கொண்டு பொழிச்சலூரில் மகன் வீட்டில் இருக்கிறார். சோதனைக் குறிப்பை எடுத்துப் போய்க் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். தலைக்கு மேல் விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. குறிப்பை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு, "நான் கேட்டிருக்கணும். அறையில என்ன இருந்ததுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றார். 'அன்று நான் எழுதிய காரணம் வெறும் அனுமானம். நர்ஸ் புஷ்பம் மேல் எந்தக் குற்றமும் காணவில்லை' என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் ஆஸ்பத்திரியில் காட்ட உதவும்.

ஜூனில் கார்பன் பாடத்தை மறுபடியும் என்னிடமே கொடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல் வகுப்பிலேயே அந்த அறையைப் பற்றிச் சொல்வேன்.

மன்னிப்பு என்ற வார்த்தையை இதுவரை எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. உங்களைக் கட்டாயப்படுத்துவது போல ஆகிவிடுமோ என்றுதான். அதனால் கேட்காமலே முடிக்கிறேன்.

தயாளன்

*

ஏலகிரி அடிவாரம்
21-2-1974

தயாளா,

டாக்டரின் கடிதத்தை எங்கள் டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவர்களுக்குத் துணியம்மாவைத்தான் தெரியும். நர்ஸ் புஷ்பத்தைத் தெரியாது. முழுக்கக் கேட்டுவிட்டு, "உங்க கையைக் காட்டுங்க" என்றார்கள். காட்டினேன். "இந்தக் கைக்கு ஒண்ணும் இல்ல. நாளைக்குக் காலையில பிரசவ வார்டுக்கு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

மூன்று வாரம் வேறொரு நர்ஸ் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசியெல்லாம் கொதிக்க வைத்தேன், எடுத்துக் கொடுத்தேன். போடவில்லை. நேற்று அந்த நர்ஸ் வரவில்லை. பிரசவமாகி ஏழாம் நாள் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல். பீடி சுற்றும் பெண், பெயர் அமீனா. டாக்டரம்மா பெனிசிலின் எழுதியிருந்தார்கள். முதலில் தோலில் சோதனை ஊசி போட்டேன். கை நடுங்கியது, நடுங்கிக்கொண்டேதான் போட்டேன். அரை மணி நேரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "என்னாத்துக்கு அம்மா இப்பிடியே பாத்துக்கினு இருக்கே?" என்று அவள் சிரித்தாள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு முழு ஊசி. அதன் பிறகும் ஒரு மணி நேரம் இருந்தேன். இன்று காலை அவளுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது.

உனக்கு எழுத வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. எல்லாம் இனிப்பாக இருக்காது. பன்னிரண்டு வருஷம் போனது போனதுதான். அதை நீயும் திருப்பித் தர முடியாது, சபையும் தர முடியாது. சில நாள் உன் கடிதத்தை எடுத்தால் மறுபடியும் கோபம் வருகிறது. அப்படி வருகிற நாளில் பதில் எழுதுவதில்லை.

கிருபாவின் கடிதம் இங்கே வந்தது உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். உன் அலமாரியில் என் விலாசத்தைத் தேடி எடுத்து எழுதியிருக்கிறாள். திட்டாதே. என்ன எழுதியிருந்தாள் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். அது எனக்கு வந்த கடிதம். அவளை ஒரு முறை பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. அன்று ஒரு துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனதோடு சரி.

மே மாதம் எனக்குப் பதினைந்து நாள் லீவு இருக்கிறது. நான் சென்ட்ரலுக்கு வந்து அவளை இங்கே அழைத்துக்கொண்டு வருகிறேன். தாயாரம்மாள் அவளைச் சென்ட்ரல் வரை கூட்டி வரட்டும். அவரையும் பார்த்த மாதிரி இருக்கும். இங்கே காலையில் குளிரும், ஒரு கம்பளிச் சட்டை கொடுத்து அனுப்பு.

தாம்பரம் ஸ்டேஷனில் நீ அவர்களை ரயில் ஏற்றிவிட்டால் போதும். சென்ட்ரலுக்கு நீ வர வேண்டாம். உன்னைப் பார்க்க முடியும் என்று தோன்றும் நாளில் நானே எழுதுகிறேன்.

புஷ்பம்